வராததை வந்ததாக எழுதாதீர்கள்

கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் ஓப்பன்எல்டாப் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,



உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. உங்கள் வேலையைத் தெரியும். ஊழியர் காலையில் கணினியைத் திறக்கும்போதும், விடுதி மாணவர் வைஃபைக்குள் நுழையும்போதும், நூலக மென்பொருள் ஓர் உறுப்பினரைத் தேடும்போதும் பின்னாலிருந்து பதில் சொல்வது நீங்கள் பராமரிக்கும் டைரக்டரிதான். அது நின்றால் எல்லாம் நிற்கும் என்பதால்தான் ஒரு சர்வரோடு விடாமல் இரண்டு, மூன்று என்று வைத்து, ஒன்றின் தரவை மற்றவற்றில் நகலாக்குகிறோம்.

இந்த மடல் அந்த ஏற்பாட்டில் வரும் ஒரே ஒரு வேலையைப் பற்றியது. எல்டிஐஎஃப் கோப்பிலிருந்து தரவை மொத்தமாக ஏற்றும் வேலை. அதற்கு நம்மிடம் இருக்கும் கட்டளை ஸ்லாப்ஆட். அந்தக் கட்டளைக்குப் பின்னால் நாம் தட்டும் ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள், ஏற்றும் வேகத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை; மற்ற சர்வர்களிடம் இந்த சர்வர் நாளை என்ன சொல்லப்போகிறது என்பதையும் தீர்மானிக்கின்றன. ஆகவே யாரோ எழுதிவைத்த பழைய குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்து அப்படியே ஒட்டுவதை நிறுத்துங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

தனியாக நிற்கும் சர்வரில் தரவை ஏற்றுவது எளிது. கோப்பில் இருப்பது தரவுத்தளத்துக்குள் போய்விட்டால் வேலை முடிந்தது. நகல்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பதிவோடும் இரண்டு செய்திகள் சேர்ந்தே பயணிக்கின்றன. இது எந்தப் பதிவு என்பதை என்ட்ரியூயூஐடி சொல்கிறது. இது கடைசியாக எப்போது, எந்த சர்வரில் மாறியது என்பதை என்ட்ரிசிஎஸ்என் சொல்கிறது. சிஎஸ்என் பார்ப்பதற்கு நீண்ட எண்வரிசை. முதலில் ஆண்டு தொடங்கி மைக்ரோ நொடி வரை நேரம். பிறகு அதே கணத்தில் நடந்த மாற்றங்களைப் பிரித்துக் காட்டும் எண்ணிக்கை. அதற்குப் பின் மூன்று இலக்கத்தில், மாற்றம் பிறந்த சர்வரின் எண். இது பதினாறின் அடிப்படையில் எழுதப்படுவதால் 10ஆம் எண் சர்வர் அங்கே 00ஏ என்று நிற்கும். நேரம் கிரீன்விச் நேரம். இந்தியாவில் காலை 10 மணிக்குச் செய்த மாற்றம் 04:30 என்றே பதிவாகும். லாகைப் பார்த்து அவசரத்தில் முடிவெடுக்கும்போது அந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள்.

இவை இரண்டுக்கும் மேலே, டைரக்டரியின் உச்சிப் பதிவில் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் இருக்கிறது. எந்த சர்வரில் பிறந்த மாற்றங்கள் எதுவரை என்னிடம் வந்து சேர்ந்தன என்று, மாற்றம் பிறக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு மதிப்பாக அது வைத்திருக்கிறது. நகல் சர்வர் மூல சர்வரோடு பேசத் தொடங்கும்போது குக்கீ என்ற பெயரில் முதலில் நீட்டுவது இதைத்தான். மூல சர்வர் அதைப் பார்த்து, அதற்குப் பிந்திய மாற்றங்களை மட்டும் அனுப்புகிறது. 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4533 வகுத்த முறை இது; ஓப்பன்எல்டாப்பில் இதைச் செய்வது சின்க்ரெப்ல்.

சரக்கு வந்ததும் போடும் கையெழுத்து என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பெட்டிக்குக் கையெழுத்துப் போடாமல் விட்டால் அனுப்பியவர் இன்னொரு முறை அனுப்புவார். வண்டிச் செலவு கூடும், அவ்வளவுதான். வராத பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பெட்டி பிறகு வரவே வராது. கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் உண்மையைவிடப் பழையதாக இருந்தால் நெட்வொர்க்கில் கொஞ்சம் கூடுதல் போக்குவரத்து. உண்மையைவிடப் புதியதாக இருந்தால் தரவு இழப்பு, அதுவும் சத்தமில்லாமல். நான் சொல்லவந்த மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இனி டபிள்யூ ஆப்ஷனைப் பாருங்கள். ஏற்றி முடித்ததும் தரவுத்தளத்தில் உள்ள மிகப் பெரிய சிஎஸ்என்னை எடுத்து கான்டெக்ஸ்ட்சிஎஸ்என்னாக எழுது என்பது அதன் பொருள். எழுதும் கை ஸ்லாப்ஆட்டுடையது, எழுதச் சொல்வது நாம். பெரும்பாலான குறிப்புகளில் இந்த எழுத்து கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்பட்டிருக்கிறது. புத்தம்புதிய டைரக்டரிக்கு முதன்முதலாக, முதல் மூல சர்வரில் தரவு ஏற்றும்போது அது பொருத்தமானது. கோப்பில் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் இருக்காது. அந்தத் தரவுக்கு வேறு ஊற்றும் கிடையாது. ஆனால் தரவை எல்டிஐஎஃப் கோப்பாக வெளியே எடுக்கும் ஸ்லாப்கேட் கட்டளையின் பேக்கப்பிலிருந்து ஒரு நகல் சர்வரைத் தயார் செய்கிறீர்கள் என்றால், கோப்பின் முதல் பதிவிலேயே கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் எழுதப்பட்டிருக்கும். அது சற்றுப் பழையதாக இருக்கலாம். ஓடும் சர்வர் அந்த மதிப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, செக்பாயின்ட் நேரத்திலோ ஒழுங்காக நிறுத்தப்படும்போதோதான் வட்டில் எழுதுகிறது. பழையதாக இருந்தால் நல்லதுதான். விடுபட்டதை சின்க்ரெப்ல் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அங்கே டபிள்யூ தேவையில்லை.

அது தேவையில்லாததோடு நிற்காமல் ஆபத்தாகவும் மாறும் இடம் ஒன்று உண்டு. என்ட்ரிசிஎஸ்என் இல்லாத பதிவுகள் கோப்பில் இருந்தால் ஸ்லாப்ஆட் அந்தக் கணத்தின் நேரத்தைப் போட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். என்ட்ரிசிஎஸ்என் போன்ற ஆப்பரேஷனல் பண்புகளைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லப்படும் கோப்பை ஒரு நகல் சர்வரில், மூல சர்வரின் எண்ணைக் கொடுத்து, டபிள்யூ சேர்த்து ஏற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள். கோப்பு எடுத்தது நேற்று இரவு. ஏற்றியது இன்று மதியம். மூல சர்வரிலிருந்து இன்று மதியம் வரை பிறந்த எல்லா மாற்றமும் என்னிடம் இருக்கிறது என்று அந்த நகல் சாதிக்கும். காலையில் சேர்ந்த ஊழியரின் கணக்கு, பத்து மணிக்கு ஒருவர் மாற்றிய கடவுச்சொல் எதுவும் அங்கே வராது. சில சமயம் மூல சர்வர், நகலின் நிலை என்னைவிடப் புதியதாக இருக்கிறதே என்று சொல்லித் தொடர்பை மறுக்கும். அப்படி மறுத்தால் உங்களுக்கு நல்ல காலம். லாகைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மூல சர்வரில் அதற்குள் இன்னொரு மாற்றம் நடந்துவிட்டால் அந்த மறுப்புகூட வராது.

சர்வர் எண்ணைக் குறிப்பிடுவது பெரிய எஸ் ஆப்ஷன். சின்ன எஸ் முற்றிலும் வேறு: அது ஸ்கீமா சோதனையை நிறுத்திவிடும். பகுதி நகல்களில் அரைகுறைப் பதிவுகளை ஏற்றுவதற்கென்று வைக்கப்பட்டது அது. அன்றாட ஏற்றத்தில் அதற்கு இடமே இல்லை. கட்டளையைத் தொலைபேசியில் சொல்லும்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதோ இந்த இரண்டு எழுத்தும் குழம்புகின்றன. கைபேசி தானாகவே எழுத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். கான்ஃபிக் கோப்பைக் காட்டும் சின்ன எஃப், கான்ஃபிக் கோப்புறையைக் காட்டும் பெரிய எஃப் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ஸ்லாப்ஆட் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பாகவே பரிமாறிக்கொள்ளுங்கள்.

பெரிய எஸ் கொடுக்காவிட்டால் சர்வர் எண் 0 என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒரே மூல சர்வர் உள்ள அமைப்பில் அது சரி. மூல சர்வர்கள் பல இருக்கும், மல்டி-மாஸ்டர் என்று நாம் பேச்சில் சொல்லும் அமைப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் 1 முதல் 4095 வரை ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டும். 0 யாருக்கும் சொந்தமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எண் கொடுக்காமல், டபிள்யூ மட்டும் கொடுத்துப் புதுத் தரவை ஏற்றினால், 000 என்ற எண்ணோடு ஒரு கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் உருவாகி எல்லா சர்வர்களுக்கும் பரவும். அதைப் புதுப்பிக்க எந்த சர்வரும் இல்லை. ஏற்றிய நாளின் தேதியோடு அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் நகலாக்கம் தாமதம் என்று தினமும் எச்சரிக்கை அனுப்பும். ஒரு கட்டத்தில் யாரும் அந்த எச்சரிக்கையைப் படிப்பதில்லை. உண்மையான தாமதம் வருகிற நாளில் அது யார் கண்ணிலும் படாது. ஒரே ஓர் எழுத்து விடுபட்டதற்கு இது அதிக விலை.

ஏன் இந்தக் குழப்பம் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் நம் குறிப்பேடுகளின் வயது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எல்டாப் மென்பொருளிலிருந்து 1998இல் ஓப்பன்எல்டாப் கிளம்பியபோது நகலாக்கத்தை ஸ்லர்ப்-டி என்ற தனி நிரல் செய்துவந்தது. மாற்றங்களை ஒரு லாகிலிருந்து படித்து நகல்களுக்குத் தள்ளிவிடும் முறை அது. அதில் தொடக்க நகலைக் கையால்தான் தயாரிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மூல சர்வரில் மாற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். 2007இல் வந்த 2.4 பதிப்போடு ஸ்லர்ப்-டி விடைபெற்றது. இப்போது நகல்தான் வந்து கேட்டு வாங்குகிறது, கேட்கும்போது தன் நிலையைச் சொல்லிக் கேட்கிறது. இருந்தும் மூல சர்வரை நிறுத்து, எடு, ஏற்று என்ற பழைய வழக்கம் பல அலுவலகங்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. எம்டிபி என்ற தரவுத்தளப் பின்தளத்தில் ஸ்லாப்கேட் எடுக்க மூல சர்வரை நிறுத்தவே வேண்டாம். ஸ்லாப்ஆட் ஓட்டப்போகும் சர்வரில் மட்டும் சர்வர் நிரலான ஸ்லாப்-டி நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடும்போதே ஏற்றினாலும் தரவுக் கோப்பு தப்பித்துக்கொள்ளக்கூடும்; ஆனால் உள்ளே ஓடும் சர்வருக்கு அப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது, தன்னோடு இணைந்திருக்கும் நகல்களுக்கும் சொல்லாது.

சுத்தம் செய்த கோப்பு என்று மேலே சொன்னேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கெடுதல் இது. மூன்று சர்வர்களைப் புதிதாக அமைக்கிறார்கள். கோப்பிலிருந்து ஆப்பரேஷனல் பண்புகளை நீக்கி, ஒரே கோப்பை மூன்றிலும் தனித்தனியாக ஏற்றுகிறார்கள். பதிவுகளின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றுதான். பெயர்களும் ஒன்றுதான். ஆனால் என்ட்ரியூயூஐடியை ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கும். ஒரே நபருக்கு மூன்று அடையாளங்கள். சின்க்ரெப்ல் ஒரு பதிவை அதன் பெயரால் தேடுவதில்லை, யூயூஐடியால் தேடுகிறது. முதல் மாற்றம் வரும்போது ஒரு சர்வரின் பதிவை மற்றொரு சர்வர் அந்நியமாகத்தான் பார்க்கும். சிக்கல் டைரக்டரிக்குள் மட்டும் அடங்குவதுமில்லை. நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருள்கள் பயனரை அடையாளம் காண இந்த யூயூஐடியையே பிடித்துக்கொள்கின்றன. இன்று ஒரு சர்வரோடும் நாளை இன்னொன்றோடும் இணைந்தால் அதே ஊழியர் அங்கே புது ஆளாகிவிடுவார். அவருடைய கோப்புகள் பழைய ஆளின் பெயரில் கிடக்கும்.

ஆகவே எந்தப் பதிவும் ஒரே ஒரு சர்வரில்தான் பிறக்க வேண்டும். முதல் ஏற்றத்தை ஒன்றில் செய்யுங்கள், அந்த சர்வரின் எண்ணைப் பெரிய எஸ் வழியாகக் கொடுத்து, டபிள்யூ சேர்த்து. பிறகு அந்த சர்வரில் ஸ்லாப்கேட் எடுங்கள். அடையாளமும் நேரமும் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என்னும் அடங்கிய அந்தக் கோப்பை, ஓர் எழுத்தும் திருத்தாமல், மற்றவற்றில் ஏற்றுங்கள். தரவு சிறியதாக இருந்தால் மற்றவற்றைக் காலியாகவே தொடங்கி சின்க்ரெப்ல் கொண்டுவரட்டும் என்று விட்டுவிடலாம். தரவு பெரியதாகவோ இணைப்பு மெதுவாகவோ இருந்தால் கோப்பிலிருந்து ஏற்றுவதே மேல்.

389 டைரக்டரி சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். அங்கே எல்டிஐஎஃப் எடுக்கும்போது ரெப்ளிகேஷன் தகவலைச் சேர்க்கச் சொல்லும் ஆப்ஷனை விட்டுவிட்டால், அந்தக் கோப்பை ஏற்றிய சர்வரை மற்றவை ஏற்காது. ஜெனரேஷன் ஐடி வேறு என்று லாகில் எழுதிவிட்டு நிற்கும். அந்த மறுப்பை எரிச்சலோடு பார்க்காதீர்கள். தப்பான தரவு பரவாமல் தடுப்பது அதுதான்.

கடிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஸ்லாப்ஆட் போடும் சிஎஸ்என், அந்தக் கணினியின் கடிகாரத்திலிருந்து வருகிறது. புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினியில் என்டிபி இன்னும் ஓடத் தொடங்கவில்லை, கடிகாரம் ஒரு நாள் முந்திப் போயிருக்கிறது என்றால், ஏற்றிய தரவெல்லாம் நாளைய தேதியைத் தாங்கி நிற்கும். பிறகு கடிகாரத்தைச் சரிசெய்தாலும் ஒரு நாள் முழுக்க நடக்கும் உண்மையான மாற்றங்கள் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என்னைவிடப் பழையவையாகத் தெரியும். சிஎஸ்என் மிகப் பழையது, ஒதுக்குகிறேன் என்ற வரியை நகல்களின் லாகில் பார்த்தீர்களானால் முதலில் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். ஏற்றுவதற்கு முன் நேரத்தைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்போது இந்த மடலில் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தரவை மீட்பது.

யாரோ தவறுதலாக மாணவர் கிளை முழுவதையும் அழித்துவிட்டார்கள். சில நொடிகளில் எல்லா சர்வர்களிலும் அழிந்துவிட்டது. நகலாக்கம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நகல் இருப்பது பேக்கப் ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் அன்றுதான் அது எல்லோருக்கும் புரிகிறது. நேற்றைய ஸ்லாப்கேட் கையில் இருக்கிறது. நிர்வாகி ஒரு சர்வரை நிறுத்துகிறார், தரவுக் கோப்புகளை நகர்த்துகிறார், பேக்கப்பை ஏற்றுகிறார், சர்வரைத் தொடங்குகிறார். மாணவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் மறுபடி காணவில்லை.

என்ன நடந்தது? பேக்கப்பின் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் நேற்றையது. தொடங்கியதும் அந்த சர்வர் மற்றவற்றிடம், என்னிடம் நேற்று வரை இருக்கிறது, பிந்தியதைக் கொடுங்கள் என்று நேர்மையாகக் கேட்டது. பிந்தியது இன்றைய அழிப்பு. மற்றவை அதையும் நேர்மையாகக் கொடுத்தன. இந்த நேரத்தில்தான் பதற்றத்தில் ஒருவர் டபிள்யூவைச் சேர்த்துப் பார்க்கிறார், இன்னொருவர் சிஎஸ்என் வரிகளையெல்லாம் நீக்கிப் பார்க்கிறார். ஒவ்வொரு முயற்சியும் சர்வர்களுக்கிடையே ஒரு புதுப் பொய்யை விதைக்கிறது.

சரியான வழிகள் இரண்டு. முதலாவது, ஸ்லாப்ஆட்டைத் தொடாமல், பேக்கப் கோப்பிலிருந்து அழிந்த கிளையை மட்டும் பிரித்தெடுத்து, எல்டாப்ஆட் மூலம் ஓடும் சர்வரில் சேர்ப்பது. அப்போது அது இன்றைய மாற்றமாக, இன்றைய சிஎஸ்என்னோடு பிறந்து எல்லா இடத்துக்கும் பரவும். கடவுச்சொல் ஹாஷ்கள் பத்திரமாக வரும். என்ட்ரியூயூஐடியை சாதாரணமாக எழுத முடியாது. பழைய அடையாளமே தேவை என்றால் ரிலாக்ஸ் கன்ட்ரோலைச் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும். அதை முன்கூட்டியே சோதனை சர்வரில் செய்து பாருங்கள். இரண்டாவது, எல்லா சர்வர்களையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, எல்லாவற்றிலும் பழைய தரவை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றிலும் அதே கோப்பை ஏற்றி, பிறகு தொடங்குவது. நேற்று முதல் இன்று வரை நடந்த மற்ற மாற்றங்கள் போய்விடும் என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு சர்வர்கூட ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. மறந்துபோன ஒரு கிளை அலுவலக சர்வர் போதும், அழிப்பைத் திரும்பக் கொண்டுவர.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அது இதைவிடக் கொடியது. சின்க்ரெப்ல் முறையில் ப்ரெசென்ட் என்றொரு கட்டம் இருக்கிறது. மூல சர்வர், மாறாத பதிவுகளின் யூயூஐடிகளைப் பட்டியலாகச் சொல்லும். அந்தப் பட்டியலில் வராத எதையும் நகல் அழித்துவிடும். அந்தக் கட்டத்தில் அழிந்தவற்றைத் தெரிந்துகொள்ள அதற்கு அதுவே வழி. இப்போது பிழைகளைத் தாண்டிச் செல் என்று சொல்லும் சி ஆப்ஷனோடு மூல சர்வரில் தரவை ஏற்றுகிறீர்கள். ஏதோ ஸ்கீமா கோப்பு விடுபட்டதால் ஒரு துறையின் பதிவுகள் முழுவதும் பிழையாகித் தாண்டப்பட்டன. திரையில் பிழைச் செய்திகள் ஓடி மறைந்தன. அந்த சர்வரின் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என் நகல்களுடையதைவிடப் புதியதாகிவிட்டால், அடுத்து நகல்கள் வந்து கேட்கும்போது அந்தத் துறை பட்டியலில் இருக்காது. நல்ல தரவை வைத்திருந்த நகல்களிலிருந்தும் அது அழிந்துவிடும். சி ஆப்ஷனை மூல சர்வரில் பயன்படுத்தாதீர்கள். முதலில் யூ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எதையும் எழுதாமல் கோப்பைச் சரிபார்த்துச் சொல்லும். பிழையே இல்லை என்ற பிறகுதான் உண்மையான ஏற்றம்.

க்யூ ஆப்ஷன் வேகத்துக்கு. சோதனைகளைக் குறைத்து விரைவாக எழுதும். பெரிய டைரக்டரிக்கு அதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன், நானும் அதோடுதான் ஏற்றுகிறேன். ஆனால் பாதியில் நின்றால் அந்தத் தரவுத்தளம் உதவாது. ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நின்ற வரியிலிருந்து தொடரச் சொல்லும் ஜே ஆப்ஷனை க்யூ ஓட்டத்தோடு சேர்த்து நம்பாதீர்கள். இன்னொன்று, எம்டிபியின் அதிகபட்ச அளவு இயல்பாக 10485760 பைட் மட்டுமே, அதாவது 10 எம்பி. கான்ஃபிக்கில் அதை உயர்த்தாமல் தொடங்கினால் ஏற்றம் பாதியில் இடம் நிரம்பி நிற்கும். எந்தத் தரவுத்தளம் என்பதை எண்ணால் சொல்லும் என் ஆப்ஷனைவிட, சஃபிக்ஸைப் பெயராகச் சொல்லும் பி ஆப்ஷன் எனக்குப் பிடிக்கும். கான்ஃபிக்கில் வரிசை மாறினால் எண் வேறு தரவுத்தளத்தைக் காட்டும்; பெயர் காட்டாது. கட்டளையை ரூட்டாக ஓட்டாமல், டெபியனில் ஓப்பன்எல்டாப் பயனராக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகி, ஸ்லாப்-டி அவற்றைத் திறக்க முடியாமல் தொடங்க மறுக்கும்.

ஸ்லாப்ஆட் நேராகத் தரவுத்தளத்தில் எழுதுகிறது என்பதை மறக்காதீர்கள். ஓவர்லேக்கள் எதுவும் அதன் வழியில் நிற்பதில்லை. மெம்பர்ஆஃப் கணக்கிடப்படாது. கடவுச்சொல் விதிகள் பார்க்கப்படாது, ஹாஷ் செய்யப்படாது. மாணவர் சேர்க்கைப் பிரிவு கொடுத்த எக்செல் தாளிலிருந்து பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகப் போட்டு எல்டிஐஎஃப் உருவாக்கி, அதை ஸ்லாப்ஆட்டில் கொடுத்தால் அது வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படும், வெறும் எழுத்தாகவே எல்லா நகல்களுக்கும் போகும். இரட்டை முக்காற்புள்ளி போட்டு பேஸ்64இல் தெரிவதால் அது மறைக்கப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஒரே கட்டளையில் யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். ஓடும் டைரக்டரியில் புது மாணவர்களைச் சேர்க்க எல்டாப்ஆட் போதும். மெதுவாக இருந்தாலும் எல்லாச் சோதனைகளும் நடக்கும்.

அதே இரட்டை முக்காற்புள்ளி தமிழ்ப் பெயர்களுக்கும் வரும். எல்டிஐஎஃப் வடிவத்தை வகுத்த ஆர்எஃப்சி 2849 ஆஸ்கி அல்லாத மதிப்புகளை பேஸ்64இல் எழுதச் சொல்கிறது. டைரக்டரியில் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஊழியரின் பெயர் அவர் எழுதுகிறபடியே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பில் தமிழ்ப் பெயரை கிரெப் செய்து தேடினால் கிடைக்காது. பேஸ்64 மதிப்புகள் நீளமாகி அடுத்த வரிக்கு மடங்கும். மடங்கிய வரி ஓர் இடைவெளியோடு தொடங்கும். வரிகளை நீக்கும் ஸ்கிரிப்ட் முதல் வரியை எடுத்துவிட்டு மடங்கிய வரியை விட்டுவைத்தால் அது முந்தைய பண்போடு ஒட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் பதிவைக் கெடுக்கும். கோப்பைத் தொடவே வேண்டிய கட்டாயம் வந்தால், ஸ்லாப்கேட் எடுக்கும்போதே வரிமடிப்பை நிறுத்தும் ஆப்ஷனைக் கொடுத்து எடுங்கள்.

ஏற்றி முடித்ததும் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சர்வரிலும் உச்சிப் பதிவின் கான்டெக்ஸ்ட்சிஎஸ்என்னைக் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். மாற்றம் பிறந்த எல்லா சர்வர் எண்களும் இருக்கின்றனவா, மல்டி-மாஸ்டர் என்றால் 000 எதுவும் இல்லையா, மதிப்புகள் ஒன்றா. பிறகு ஒரு சர்வரில் சோதனைப் பதிவு ஒன்றைச் சேர்த்து மற்றவற்றில் அது வருகிறதா என்றும், அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிறதா என்றும் பாருங்கள். மல்டி-மாஸ்டர் என்றால் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இதைச் செய்யுங்கள். கடைசியாகச் சில பதிவுகளின் என்ட்ரியூயூஐடி எல்லா சர்வர்களிலும் ஒன்றேதானா என்று ஒப்பிடுங்கள். இதையெல்லாம் முடித்த பிறகு பழைய தரவுக் கோப்புகளை இன்னும் சில நாள் வைத்திருங்கள். நகர்த்தி வையுங்கள், அழிக்காதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அட்மினுக்கு ஒரு சோதனை சர்வர் கொடுங்கள். பழைய கணினியில் மூன்று மெய்நிகர் சர்வர்கள் ஓடினால் போதும். பேக்கப்பை ஏற்றிப் பார்க்காத இடத்தில் பேக்கப் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்தப் பயிற்சிக்கு அவருடைய அலுவலக நேரத்திலிருந்தே நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவை அவரிடம் கேட்காதீர்கள்.

நண்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இது. இந்த வாரம் உங்கள் அலுவலகக் குறிப்பேட்டில் உள்ள ஸ்லாப்ஆட் வரியை எடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அது ஏன் அங்கே இருக்கிறது, எந்தச் சூழலில் இருக்கக் கூடாது என்று தமிழிலோ உங்களுக்கு வசதியான மொழியிலோ ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத முடியாத எழுத்தை எடுத்துவிட்டு சோதனை சர்வரில் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குப் பின் அந்த இருக்கைக்கு வருகிறவர் அந்தக் குறிப்பை வைத்துத்தான் சர்வரைத் தொடுவார். ஏற்றப் பயன்படுத்திய எல்டிஐஎஃப் கோப்பைத் தற்காலிகக் கோப்புறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் எல்லோருடைய கடவுச்சொல் ஹாஷும் இருக்கிறது. ஓப்பன்எல்டாப் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, பேக்கப் இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவன்